கதிரியக்க அயோடின் உண்மையில் அயோடின்தானா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

சிங்கப்பூரின் ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கணவர், மூன்று வயது மகள், மாமியார், கணவரின் தம்பி ஆகியோருடன் வசிக்கும் 34 வயது வாசகி எழுதியிருக்கிறார். படபடப்பு, கைநடுக்கம், காரணமில்லாத எடைக்குறைவு என்று பலதுறை மருந்தகத்துக்குப் போனவருக்கு, தைராய்டு சுரப்பி அளவுமீறி வேலை செய்யும் கிரேவ்ஸ் நோய் இருப்பது தெரியவந்தது. ஒன்றரை ஆண்டு கார்பிமசோல் மாத்திரை சாப்பிட்டார். நிறுத்திய சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது. இப்போது மறுபடியும் அதே மாத்திரையில் இருக்கிறார். மருத்துவமனையில் டெக்னீசியம் ஸ்கேன் எடுத்துப் பார்த்த நிபுணர், கதிரியக்க அயோடின் கொடுக்கலாம் என்கிறார். அறுவை சிகிச்சையும் ஒரு வழி என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டில்தான் குழப்பம். “அயோடின்-131 என்கிறார்கள். தனிம அட்டவணையில் மொத்தமே 118 தனிமங்கள்தானே? அட்டவணையிலேயே இல்லாத எதையோ அயோடின் என்று பெயர் வைத்துக் கொடுக்கிறார்கள்” என்று கொழுந்தனார் சொல்கிறாராம். அது உடலுக்குள் போனதும் வேறொரு பொருளாக மாறிவிடும் என்று வாசகியே எங்கோ படித்திருக்கிறார். இறால் சாப்பிட்டால் அவருக்குத் தடிப்பு வரும்; அதனால் அயோடின் ஒத்துக்கொள்ளாதோ என்ற பயம். கடற்பாசி மாத்திரையை முன்கூட்டியே சாப்பிட்டு ‘நல்ல அயோடினை’ உடலில் நிரப்பிக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார். அடுத்த ஆண்டு இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை. டிசம்பரில் திருச்சியில் ஒரு குடும்பத் திருமணம். தைராய்டு புற்றுநோய்க்கு இதே மருந்தை எடுத்துக்கொண்ட பக்கத்து வீட்டு அம்மாவை மருத்துவமனையில் தனியறையில் வைத்திருந்தது வேறு கண்ணுக்குள் நிற்கிறது. “எதை நம்பி முடிவெடுப்பது?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளைத் தனித்தனியாகப் பார்த்தால் பல. ஆனால் அவற்றில் பாதிக்கும் மேல் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை: ஒரு தனிமத்தை அந்தத் தனிமமாக ஆக்குவது எது? அணு மருத்துவப் பிரிவில் வேலை செய்யும் எனக்கு இது பாடப்புத்தகக் கேள்வி கிடையாது. இந்தச் சிகிச்சை பலிப்பதற்கும், சிலருக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். அதனால் முதலில் இதைப் பார்த்துவிடுவோம்.

131 என்பது எதன் கணக்கு?

கொழுந்தனார் சொன்ன 118 சரி. அந்த 118, அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையை வைத்துப் போட்ட வரிசை. ஒரு புரோட்டான் இருந்தால் ஹைட்ரஜன், 6 இருந்தால் கார்பன், 79 இருந்தால் தங்கம். அயோடினுக்கு 53. அயோடின்-131 என்பதில் உள்ள 131 வேறு கணக்கு. புரோட்டானையும் நியூட்ரானையும் சேர்த்துக் கூட்டிய நிறை எண். 53 புரோட்டான், 78 நியூட்ரான், ஆக 131. உங்கள் சமையலறை உப்பில் சேர்த்திருக்கும் அயோடின், அயோடின்-127. அதிலும் 53 புரோட்டான்தான். நியூட்ரான் மட்டும் 74. அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே கட்டம், 53ஆம் கட்டம். எடை கூடியதால் ஒருவர் வேறு ஆளாகிவிடுவதில்லை அல்லவா, அதுபோலத்தான்.

எடையை வைத்து அடையாளம் காணும் தவறு உங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. 19ஆம் நூற்றாண்டின் வேதியியலாளர்களையே அது திணறடித்தது, அதுவும் இதே அயோடின் விஷயத்தில். தனிமங்களை அணு எடைப்படி அடுக்கினால் அயோடின் (126.9) முன்னாலும் டெல்லூரியம் (127.6) பின்னாலும் வர வேண்டும். ஆனால் அயோடினின் குணம் குளோரின், புரோமின் குடும்பத்தோடு பொருந்துகிறது. 1869இல் அட்டவணையை அமைத்த மெண்டலீவ், குணத்தை நம்பி டெல்லூரியத்தை முன்னால் வைத்தார். அதன் எடையைத்தான் யாரோ தவறாக அளந்திருக்கிறார்கள் என்று எண்ணினார். எடை சரியாகத்தான் இருந்தது. 1913இல் ஹென்றி மோஸ்லி என்ற இளம் ஆங்கிலேய இயற்பியலாளர், தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்து, அணுக்கருவின் நேர்மின்னூட்டமே அவற்றின் உண்மையான வரிசை என்று காட்டினார். டெல்லூரியத்துக்கு 52, அயோடினுக்கு 53. சிக்கல் அதோடு தீர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், 27 வயதில், கலிப்போலி போர்க்களத்தில் அவர் உயிரிழந்தார். இன்னும் எவ்வளவோ செய்திருக்க வேண்டியவர்.

உங்களுக்குத் தரப்போகும் மருந்தே பெரும்பாலும் அந்த டெல்லூரியத்திலிருந்துதான் தயாராகிறது. அணு உலையில் டெல்லூரியம்-130 ஒரு நியூட்ரானை ஏற்று டெல்லூரியம்-131 ஆகிறது. கவனியுங்கள், எடை கூடியும் அது டெல்லூரியமாகவே இருக்கிறது. பிறகு அதன் கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. 52, 53 ஆகிறது. அந்தக் கணம் முதல் அது அயோடின். பெயருக்கு அயோடின் இல்லை; முழுக்க முழுக்க அயோடின்.

உங்கள் தைராய்டு இதை எப்படி அறியும்? தைராய்டு செல்லின் சுவரில், ரத்தத்திலிருந்து அயோடைடை (மின்னூட்டம் பெற்ற அயோடினை) உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு புரதம் இருக்கிறது. அது அணுக்கருவைத் தொடுவதே இல்லை. அதற்குப் புலப்படுவது வெளியே உள்ள எலக்ட்ரான்களின் பரப்பும் மின்னூட்டமும்தான். அணுவில் எத்தனை எலக்ட்ரான்கள் இருக்கும், அவை எப்படி அமையும் என்பதை முடிவுசெய்வது புரோட்டான்களின் எண்ணிக்கை. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. நாலு கூடினாலும் எலக்ட்ரான் அமைப்பு ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். ஆகவே 127, 131 என்ற வேறுபாடு உங்கள் சுரப்பிக்குத் தெரியாது.

உங்களுக்கு எடுத்த ஸ்கேன் இதை இன்னும் தெளிவாக்கும். டெக்னீசியத்துக்கு 43 புரோட்டான். அது வேறு தனிமம். ஆனால் பெர்டெக்னிடேட் என்ற வடிவில் அதன் அளவும் மின்னூட்டமும் அயோடைடை ஒத்திருப்பதால் அதே புரதம் அதையும் உள்ளே விட்டுவிடுகிறது. படம் கிடைக்கிறது. ஆனால் அதை வைத்து ஹார்மோன் செய்யச் சுரப்பியால் முடியாது. கொஞ்ச நேரத்தில் அது வெளியேறிவிடும். அயோடின்-131 அப்படியல்ல. ஹார்மோனுக்குள் கோக்கப்பட்டு நாள்கணக்கில் அங்கேயே தங்கும். தங்குவதால்தான் சிகிச்சை நடக்கிறது. 1941இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் முதல் நோயாளிக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தபோது நம்பியது இதைத்தான். 80 ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் பயன்பட்டு வருகிறது.

வேறு பொருளாக மாறுமா? ஆம், மாறும்

நீங்கள் படித்தது உண்மை. அயோடின்-131இன் கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது 53 என்பது 54 ஆகும். 54 என்றால் செனான். அயோடினின் குணம் எதுவும் அதற்குக் கிடையாது. எளிதில் எதனோடும் சேராத மந்த வாயு. இப்படிக் கிடைக்கும் செனான்-131 நிலையானது, கதிர்வீச்சு அற்றது. ரத்தத்தில் கலந்து மூச்சோடு வெளியே போய்விடும்.

எவ்வளவு செனான்? கிரேவ்ஸ் நோய்க்குப் பெரும்பாலும் 10 முதல் 15 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) வரை தருகிறார்கள். 15 மில்லிகியூரியில் உள்ள அயோடின்-131இன் எடை ஏறத்தாழ 0.12 மைக்ரோகிராம். ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் சாதாரண அயோடினே 150 மைக்ரோகிராம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதிலிருந்து வரும் செனானின் அளவையும் இதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம்.

கவனம் இருக்க வேண்டியது அந்த மாற்றத்தின்போது பாயும் கதிர்கள்மீது. பீட்டா துகள் திசுவில் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. சுரப்பியின் செல்களை அழிப்பது அதுதான். கூடவே வரும் காமா கதிர் உடலைத் தாண்டி வெளியே வரும். உங்கள் மகளிடமிருந்து சில நாள் விலகி இருக்கச் சொல்வது அதற்காகவும், உமிழ்நீர், சிறுநீர், வியர்வை வழியே கொஞ்சம் மருந்து வெளியேறும் என்பதற்காகவும். இதன் அரை ஆயுள் 8 நாள். அதாவது 8 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 80 நாளில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். சிறுநீரில் கழிவதையும் சேர்த்தால் உடலில் அதைவிட வேகமாகவே குறையும்.

கடற்பாசியும் இறாலும்

கடற்பாசி மாத்திரை வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். அதில் உள்ளதும் 53 புரோட்டான் அயோடின். மருந்தில் உள்ளதும் அதுவே. சுரப்பி பாகுபாடு பார்க்காது என்பதால், முன்கூட்டியே நிரப்பிவிட்டால் மருந்துக்கு இடம் இருக்காது. அணு உலை விபத்தின்போது மக்களுக்குப் பொட்டாசியம் அயோடைடு மாத்திரை கொடுப்பது இதே காரணத்துக்காகத்தான்: சாதாரண அயோடினால் சுரப்பியை நிரப்பிக் கதிரியக்க அயோடினை உள்ளே வரவிடாமல் தடுக்க. உங்களுக்கு வேண்டியது அதற்கு நேரெதிர். தவிர, கிரேவ்ஸ் நோயில் அளவுக்கு மீறிய அயோடின் நோயையே தூண்டிவிடக்கூடும். அண்மையில் சாயம் ஏற்றிச் சிடி ஸ்கேன் எடுத்திருந்தாலும், இதயத்துக்கு அமியோடரோன் சாப்பிட்டாலும் மறக்காமல் சொல்லுங்கள். இரண்டிலும் அயோடின் நிறைய உண்டு. உப்பை அடியோடு நிறுத்தச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால் அதையும் நீங்களாகச் செய்ய வேண்டாம். உணவுக் கட்டுப்பாடு தேவையா, எத்தனை நாள் என்பதை மருத்துவமனை எழுதித் தரும்.

இறால் தடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் அதன் தசையில் உள்ள புரதம். அயோடின் இல்லை. அயோடின் இல்லாமல் தைராய்டு ஹார்மோனே கிடையாது. அது உங்கள் ரத்தத்தில் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வாமை இருப்பதைக் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்காக இந்தச் சிகிச்சையை ஒதுக்கத் தேவையில்லை.

மூன்று வழிகளும், உங்கள் இரண்டாவது குழந்தையும்

உங்கள் கடிதத்தில் நான் அதிகம் யோசித்தது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியைத்தான்: “அடுத்த ஆண்டு இன்னொரு குழந்தை.” முடிவை நிர்ணயிக்க வேண்டியது அதுவே. கொழுந்தனாரின் 131 அல்ல.

கருவிலுள்ள குழந்தையின் தைராய்டு 10 முதல் 12 வாரத்திலேயே அயோடினைச் சேர்க்கத் தொடங்கிவிடும். அதற்கும் 127, 131 வேறுபாடு தெரியாது. ஆகவே கர்ப்பத்தில் இந்தச் சிகிச்சை அறவே கூடாது. மருந்து தரும் முன் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். கேட்கத் தயங்கினாலும் நீங்களே கேளுங்கள். சிகிச்சைக்குப் பின் குறைந்தது 6 மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். ஹார்மோன் அளவு சீராகும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால் பலருக்கு இன்னும் நாள் ஆகும். மகளுக்கு இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். பாலிலும் அயோடின் போகும்; சிகிச்சைக்குப் பல வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும், அதே குழந்தைக்குத் திரும்பக் கொடுக்கக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. கிரேவ்ஸ் நோய்க்குக் காரணமான எதிர்ப்பொருள், ‘டிராப்’ என்று ரத்தப் பரிசோதனைத் தாளில் வரும், கதிரியக்க அயோடினுக்குப் பிறகு சிலருக்குக் கூடி, ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் தைராய்டையும் தூண்டக்கூடியது. உங்கள் டிராப் அளவு மிக அதிகமாக இருந்து, அடுத்த ஆண்டே கருத்தரிக்க வேண்டும் என்பதில் நீங்கள் உறுதியாக இருந்தால், அறுவை சிகிச்சையைப் பற்றித் தீவிரமாகப் பேசுங்கள் என்பேன். அனுபவமுள்ள கையில் அது நல்ல சிகிச்சை. நோய் உடனே அடங்கும். குரல் நரம்பு பாதிப்பு, கால்சியம் குறைவு ஆகிய ஆபத்துகள் உண்டு, கழுத்தில் தழும்பும் இருக்கும். ஓராண்டுக்கு மேல் பொறுக்க முடியும், கண்ணில் பாதிப்பு இல்லை என்றால் கதிரியக்க அயோடின் எளிமையானது: ஒரு மாத்திரை அல்லது ஒரு வாய்த் திரவம், மயக்க மருந்து இல்லை.

கண்ணைப் பற்றிக் கடிதத்தில் நீங்கள் எதுவும் எழுதவில்லை. கண் பிதுங்குவது, சிவப்பது, காட்சி இரண்டாகத் தெரிவது ஏதாவது இருந்தால் முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள். கதிரியக்க அயோடின் அதை மோசமாக்கக்கூடும், புகைபிடிப்பவர்களுக்குக் கூடுதலாக. சிலருக்கு ஸ்டீராய்டு சேர்த்துக் கொடுப்பார்கள்; சிலருக்கு இந்தச் சிகிச்சையே வேண்டாம் என்பார்கள்.

மூன்றாவது வழி, மாத்திரையைத் தொடர்வது. அதில் தவறில்லை, குறைந்த அளவில் ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் கார்பிமசோல் கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் குழந்தைக்குக் குறைபாடு ஏற்படுத்தலாம். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்பே சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அயோடினையோ அறுவையையோ தேர்ந்தெடுத்தால், பிறகு தைராய்டு குறைவாகச் சுரப்பது பெரும்பாலும் எதிர்பார்த்த விளைவுதான். வாழ்நாள் முழுக்க தினமும் ஒரு தைராக்ஸின் மாத்திரை வேண்டியிருக்கும். இதைச் சிகிச்சையின் தோல்வி என்று சிலர் வருந்துகிறார்கள், வருந்த வேண்டாம். புற்றுநோய் பற்றிய அச்சத்துக்கு நேர்மையான பதில் இது: பல பத்தாண்டுகள் நீண்ட ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை, கூடுதல் ஆபத்து இருந்தாலும் அது சிறியது. பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொடுத்த அளவு இதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்திருக்கும். தனியறை அதற்காகத்தான். உங்கள் அளவுக்குப் பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

வீட்டிலும் பயணத்திலும்

தூரம் இரட்டிப்பானால் கதிர்வீச்சு ஏறத்தாழ நாலில் ஒன்றாகக் குறையும். வீட்டில் நீங்கள் கடைப்பிடிக்க வேண்டியதன் அடிப்படை இதுவே. தனியாகத் தூங்குவது, முடிந்தால் தனிக் கழிவறை, உட்கார்ந்தபடி சிறுநீர் கழித்து இருமுறை தண்ணீர் விடுவது, உங்கள் தட்டும் டம்ளரும் துண்டும் தனி. எத்தனை நாள் என்பது அளவைப் பொறுத்தது; சிறு குழந்தை இருப்பதால் உங்களுக்குக் கூடுதல் நாள் சொல்வார்கள். மடியில் வைத்துக்கொள்வது, முத்தம், கையால் பிசைந்து ஊட்டுவது ஆகிய மூன்றும்தான் உங்களுக்குக் கடினமாக இருக்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு ‘அம்மா பக்கத்தில் வராதே’ என்று புரியவைக்க முடியாது. மகளை அந்த நாள்களில் பாட்டியோடு உறவினர் வீட்டில் விட முடிந்தால் எல்லாருக்கும் நிம்மதி. மாமியாருக்கு ஒன்று சொல்லுங்கள்: நீங்கள் போன அறைக்குள் வந்ததாலேயே அவருக்கு ஒன்றும் ஆகாது.

திருச்சிப் பயணம் சிகிச்சைக்குச் சில வாரத்துக்குள் வந்தால், மருந்தின் பெயர், அளவு, தேதி எழுதிய மருத்துவமனைக் கடிதம் கைப்பையில் இருக்கட்டும். விமான நிலையங்களிலும் எல்லைச் சோதனைச்சாவடிகளிலும் உள்ள உணர்கருவிகள் சில வாரங்கள் கழித்துக்கூட ஒலிக்கலாம். திருமண வீட்டில் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் நெருங்கி அமர்வார்கள் என்பதால், மருந்தை டிசம்பருக்குப் பிறகு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பதே மேல்.

நீங்கள் கேட்டுப் பெற வேண்டியவை

சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன், மூன்று வழிகளின் நன்மை தீமைகளையும் உங்கள் நிலைமைக்கு ஏற்ப விளக்கக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2022 ஜூலை முதல் சிங்கப்பூரில் நடப்பில் உள்ள சிவில் சட்டத்தின் 37ஆம் பிரிவு, நோயாளி முடிவெடுக்கத் தேவையான தகவலை மருத்துவர் தர வேண்டும் என்கிறது. ஆனால் குழந்தை வேண்டும் என்ற எண்ணத்தை நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். டிராப் அளவு என்ன, கண் பரிசோதனை வேண்டுமா, எத்தனை மில்லிகியூரி, எத்தனை நாள் தனிமை, செலவு எவ்வளவு என்று தாளில் எழுதி எடுத்துப் போங்கள். தமிழில் விளக்கம் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள்; செலவு சுமையாக இருந்தால் மருத்துவமனையின் சமூக சேவையாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். வேறொரு நிபுணரிடம் இரண்டாவது கருத்து கேட்பதில் உங்கள் மருத்துவருக்கு அவமதிப்பு ஒன்றும் இல்லை. கொழுந்தனாரையும் கூட அழைத்துப் போங்கள். அவர் கேட்டது நல்ல கேள்வி.

அதுவரை கார்பிமசோலை நீங்களாக நிறுத்தாதீர்கள். கதிரியக்க அயோடினுக்குச் சில நாள் முன்பு நிறுத்த வேண்டியிருக்கும். தேதியை அவர்கள் சொல்வார்கள். இடையில் காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால், சாதாரணச் சளி என்று விட்டுவிடாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றே மருத்துவரிடம் போய் வெள்ளணுக்களின் எண்ணிக்கைக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அபூர்வமாக இந்த மருந்து அவற்றை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அதற்கு மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.